இருட்டு கேட்டு வந்தவர்

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்கேயாவது என் பேனா வழுக்கி அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை விழுந்துவிட்டால், அது என் விருப்பத்துக்கு மாறாக நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்கும் என்னைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில்தான் மூன்று வருஷமும் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே வந்ததில்லை.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது வந்து நின்று சண்டை பிடிப்பார். 'அவர்' என்று மரியாதையாகவே எழுதுகிறேன். வீட்டுக்குள் நான் பயன்படுத்திய சொற்கள் வேறு. அவை அச்சில் ஏறாது.

வண்ணார்பேட்டையில் எனக்கு மின்விளக்குக் கடை. கீழே கடை, நடுவில் நாங்கள், மேலே மொட்டை மாடியை ஒட்டி ஓர் ஒற்றை அறை. கடைக்குள் நுழைந்தால் எதிர்வெயிலில் நிற்பது போலக் கண் கூசும். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தலுக்கு வெளிச்சம் என் கடையிலிருந்துதான் போகும். இப்படிப்பட்டவன் முன்னால் ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றார் அவர். நாற்பத்தெட்டு வயதிருக்கும். ஒல்லி. நகக்கண் எல்லாம் நீலம்.

"இருக்கதுலயே வெளிச்சம் கம்மியான பல்பு ஒண்ணு வேணும் அண்ணாச்சி. மஞ்சளா எரியணும்."

"வெளிச்சம் கம்மின்னா ஃபியூஸ் போன பல்புதாம்மா. அது மூட்டை மூட்டையா கெடக்கு."

என் கடையில் இந்த மாதிரிச் சொன்னால் சிரிக்காமல் யாரும் போனதில்லை. சிரிக்காவிட்டால் நானே சிரித்து ஆரம்பித்து வைப்பேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எரியுத பல்பு கேட்டேன். காது கேக்கலன்னா எழுதித் தாரேன்."

பழைய குண்டு பல்பு ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். போகிறபோது வாசலில் தொங்கிய 'மாடியில் அறை வாடகைக்கு' அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"சன்னல் எத்தனை?"

"ரெண்டும்மா. காத்தும் வெளிச்சமும் அள்ளிட்டுப் போவும்."

"அடைச்சுக்கிடலாமா?"

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு வாரத்தில் சன்னல் இரண்டிலும் கறுப்புத் துணி ஏறிவிட்டது. ஊருக்கே வெளிச்சம் விற்கிறவன் தலைக்கு மேல், திருநெல்வேலியிலேயே இருட்டான அறை ஒன்று உருவானது.

பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் அவருக்கு வேலை. தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் செடிகொடிகளைக் காயவைத்து அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கிற பொறுப்பு. ஏரலில் ஓர் அக்கா உண்டு. வேறு உறவு வந்து போய் நான் பார்த்ததில்லை. விடுமுறை நாட்களில் அவர் செய்தது வெயிலில் படம் எடுக்கும் வேலை. பச்சையாக ஒரு தூள், சிவப்பாக ஒரு தூள். இரண்டும் ஏதோ இரும்பு உப்பாம். கரைத்துக் கலந்து, என் குண்டு பல்பின் மங்கிய வெளிச்சத்தில் துணியில் பூசி, இருட்டிலேயே காயப்போடுவார். காய்ந்த துணியை மாடிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் ஒரு நாணலையோ அல்லி இலையையோ வைத்து வெயிலில் காட்டுவார். பிறகு தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்ந்த நீலமாகி, இலை மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக, நரம்பு நரம்பாக நிற்கும். முதல் தடவை பார்த்தபோது "அட" என்று சொல்லிவிட்டேன். முன்னமே எச்சரித்தேனே, அந்த வழுக்கல் இதுதான்.

அலசுவதற்கு எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. "உப்புச் சவம். நீலத்தைத் தின்னுரும்" என்பார். ஆற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து மாடியேறுவார். ஒவ்வொரு குடம் மேலே போகும்போதும் என் கிணற்றுக்கு ஓர் அவமானம்.

அவரிடம் இருந்த ஒரே பெரிய குணத்தைச் சொல்ல வேண்டும் என்றால், அது பார்வையில் கஞ்சத்தனம். மற்றவர்கள் படம் வரைந்தால் பார்க்கச் சொல்லி உயிரை எடுப்பார்கள். இவர் பார்க்காதே என்று உயிரை எடுப்பார். ஒவ்வொரு படத்தின் மேலும் கறுப்புத் துணி தொங்கும். தெரிந்தவர்கள் வந்து கெஞ்சினால் துணியை விலக்கி, வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார். இருபது வந்ததும் துணி விழுந்துவிடும். அப்போதுதான் வந்து சேர்ந்தவர் "ஐயோ, நான் இன்னும் பாக்கலியே" என்றால், "அடுத்த மாசம் வாங்க" என்பார்.

"இருபது எண்ணுததுக்குள்ள என்னத்தம்மா பாக்க?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஒரு படம் இம்புட்டு வெளிச்சந்தான் தாங்கும்னு இருக்கு அண்ணாச்சி. நீங்க ஒருத்தரே நின்னு தின்னுட்டியன்னா, பொறவு வாரவங்க என்னத்தப் பாப்பாவ?"

வெளிறிப்போன படங்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடிவைப்பார். "களைச்சுப் போச்சு. ரெண்டு மாசம் கெடக்கட்டும்." நான் நம்பவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, வெளுத்திருந்த நாணல் படம் பழையபடி நீலமாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். வெயில் எடுத்துக்கொண்ட நீலத்தை இருட்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எப்படி என்று கேட்டேன். "சொன்னா வெளங்கவா போவுது" என்றார்.

பெங்களூரிலிருந்து வந்த என் மைத்துனன் ஒருநாள் இந்த அதிசயத்தைப் பார்க்க மேலே போனான். நானும் பெருமையாகக் கூடப் போனேன். பதினொன்று எண்ணும்போது அவன் கைப்பேசியை உயர்த்தி, பளிச்சென்று ஒளி அடிக்க ஒரு படம் எடுத்தான். அவர் கத்தவில்லை. "குடுங்க தம்பி, எப்படி வந்திருக்குன்னு பாப்போம்" என்று கையை நீட்டினார். அவனும் சந்தோஷமாகக் கொடுத்தான். வாங்கியதை அப்படியே அலசுகிற தொட்டிக்குள் போட்டார்.

"எக்கா!" என்று அலறினான் அவன்.

"உங்களுக்குப் படத்தப் பாத்தா வெளிச்சம் அடிக்கத் தோணுது. எனக்கு ஃபோனப் பாத்தா நனைக்கத் தோணுது."

அன்றிலிருந்து மைத்துனன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அடுத்தது விளக்குப் போர். கடைப் பெயர்ப்பலகை பாலம்வரைக்கும் தெரிய வேண்டும் என்று மொட்டை மாடியில் ஒரு ராட்சத விளக்கைப் பொருத்தினேன். மறுநாள் அவர் கடைக்கே இறங்கி வந்தார். காயப்போட்டிருந்த நாலு துணியில், சன்னல் இடுக்கு வழியாகப் புகுந்த என் விளக்கு கோடு கோடாகக் கீறிவிட்டதாம். விளக்கைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

"சூரியன் வந்தாலும் திருப்பி வெக்கச் சொல்லுவியளோ?" என்றேன், கடையில் நின்ற நாலு பேர் கேட்க. நாலு பேரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு என் விளக்கு மங்கத் தொடங்கியது. மின்னழுத்தம் குறைவோ என்று பார்த்தேன். ஒயரை மாற்றினேன். விளக்கையே மாற்றினேன். புதியதும் இரண்டே நாளில் மங்கியது. 'இருபது வருஷமாக விளக்கு விற்கிறேன், இப்படியொரு கோளாறு கண்டதில்லை' என்று கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவன் ஏணி வைத்து ஏறி, விரலால் தடவி, மோந்து பார்த்துவிட்டு இறங்கினான்.

"சாணி அண்ணாச்சி. மூணு பூச்சு. நல்லா மெழுகியிருக்கு."

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்கைத் திருப்பி வைத்தேன்.

இனி அந்த மருத மரத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம் ஆற்றங்கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. காலை ஒன்பது மணி வாக்கில் அதன் நிழல் எங்கள் மொட்டை மாடியில் வந்து விழும். அந்த நிழலை அப்படியே ஒரு துணியில் பிடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஒரு சித்திரை மாதம், இருபத்திரண்டு நாள் லீவு போட்டு, நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டுக் குறித்தார். எந்த நிமிஷம் எந்தக் கிளை எங்கே விழும் என்று தரை முழுக்கக் கோடு. காயப்போட்ட வடாமைத் தாண்டுவது மாதிரி அந்தக் கோடுகளைத் தாண்டித் தாண்டித்தான் நாங்கள் மாடியில் நடந்தோம்.

முதல் துணியைக் காற்று தூக்கியது. இரண்டாவதில் காக்கை அசிங்கம் பண்ணியது. மூன்றாவது துணியை விரித்துவிட்டு அவர் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கிய நேரம், நான் பனியன் காயப்போட மேலே போனேன். ஆற்றைப் பார்த்தபடி ஒரு கால் மணி நேரம் சுகமாக நின்றேன். அலசி எடுத்தபோது, மருத மரத்துக்குப் பக்கத்தில் வயிறு பெருத்த ஓர் உருவம் வெள்ளைவெளேரென்று நின்றது.

"இது யாரும்மா, முனிசாமியா?" என்றேன்.

"மூதி" என்றார். சாமியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் துணியை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டார். என் வாழ்நாளில் வரையப்பட்ட ஒரே உருவப்படம் ஆறு மாதம் மாடிப்படி துடைத்தது.

நாலாவது துணியில் மரம் வந்தது. ஆளுயரத்துக்கு மேல் நீளமான துணி. நீலத்துக்குள் வெள்ளையாக அடிமரம், அதிலிருந்து பிரிகிற கிளைகள், அசைந்த இலைகள் மட்டும் புகை மாதிரி. எனக்கும் இருபது எண்ணும் நேரம் காட்டினார். எனக்கு மட்டும் கொஞ்சம் வேகமாக எண்ணியதாகச் சந்தேகம்.

அந்த ஐப்பசி மழையில் கரை அரித்து, மரம் வேரோடு ஆற்றில் சாய்ந்தது. இனி எத்தனை சித்திரை வந்தாலும் அந்த நிழல் விழாது. அழுவார் என்று எதிர்பார்த்து, ஆறுதல் சொல்லும் முகத்தோடு மேலே போனேன். துணியைச் சுருட்டிக் கறுப்பு உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "மரம் போனா போவுது. என் இருபத்தி ரெண்டு நாளு பத்திரமா இருக்கு" என்றார். மாசி மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கண்காட்சி. நடுச் சுவருக்கு இந்தத் துணிதான் என்று முடிவாகியிருந்தது. அவர் படங்கள் வெளியாட்கள் முன்னால் வைக்கப்படுவது அதுதான் முதல் தடவை.

மார்கழிக் கடைசியில் அவர் ஏரலுக்கு அக்கா வீட்டுக்குப் போனார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற நேரம். இந்தக் காலத்தில் யார் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நான் அடிக்கிறேன். மேலறையையும் அடித்துவிடலாம் என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். அறை அழுக்காக இருந்தது என்பது நான் எல்லாரிடமும் சொன்ன காரணம். உண்மைக் காரணம், அந்தத் துணியை இருபதுக்கு மேல் எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை.

அடித்து முடித்ததும் ஆட்களை அனுப்பிவிட்டு, உறையிலிருந்து துணியை எடுத்தேன். துணியின் மேல் ஓரத்தில் ஒரு மரச்சட்டம் கோத்திருந்தது. ஈரம் காயாத சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முந்நூறு வரைக்கும் எண்ணினேன், பிறகு எண்ணுவதை மறந்துவிட்டேன். அவ்வளவு நேரம் பார்த்தால்தான் தெரிகிறது, ஒரு கிளையின் நுனியில் ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டின் நிழலும் இருந்தது. கீழே கடையிலிருந்து கூப்பிட்டார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். துணியின் நினைவு மறுநாள் மத்தியானம்தான் வந்தது.

மேல்பாதி மரச்சட்டத்தின் தயவில் சுவரில் ஒட்டாமல் தப்பியிருந்தது. கீழே ஈரச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்ட இடத்தில், முழங்கால் உயரத்துக்கு நீலம் போய் மஞ்சளடித்துக் கிடந்தது. மரம் அழியவில்லை; அதைச் சுற்றியிருந்த நீலம்தான் அழிந்தது. ஆனால் நீலம் இல்லாத இடத்தில் வெள்ளை மரத்தை எங்கே தேடுவது? வேட்டி நுனியால் சுண்ணாம்புப் பொடியைத் தட்டித் துடைத்து, சுருட்டி, உறையில் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கீழே வந்து சாப்பிட்டேன்.

அவர் திரும்பி வந்த அன்றே கூப்பிட்டார். "அண்ணாச்சி, இங்கன வாங்க."

துணி தரையில் விரித்திருந்தது.

"இது எப்படி?"

"வெள்ளையடிக்கும்போது சாமானையெல்லாம் மாடியில எடுத்து வெச்சோம்மா. ஆளுக விரிச்சுப் போட்டுட்டானுவ போல. ஒருநாள் வெயில் பட்டிருக்கும்."

"வெயில்தானா?"

"வெயில்தான்."

"தண்ணி, சோப்பு, சுண்ணாம்பு? சுவத்துல கிவத்துல சாத்தினியளா?"

"சுவத்துப் பக்கமே கொண்டு போகலம்மா. சத்தியமா."

"மஞ்சளா இருக்கே."

"வெயில் மஞ்சளாத்தானம்மா இருக்கு."

அந்த நேரத்திலும் எனக்கு வேடிக்கைப் பேச்சு வந்தது. அவர் என் முகத்தை இருபது எண்ணும் நேரம் பார்த்தார். பிறகு, "வெயில் எடுத்திருந்தா இருட்டு குடுத்துரும். இன்னும் ஒரு மாசம் கெடக்குல்லா" என்று துணியைச் சுருட்டித் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

சாயங்காலம் என் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கி வந்தாள். ஏரலிலிருந்து கொண்டுவந்ததாம். மூன்று வருஷத்தில் அவர் எங்களுக்குக் கொடுத்த முதல் பொருள்.

"எதுக்காம்?" என்றேன்.

"'தப்பு நடந்துட்டு, ஆனா மறைக்காமச் சொல்லிட்டாருல்லா'ன்னு குடுத்தாவ."

தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். மூன்று பழம் இறங்கியது.

மூன்றாம் நாள், மாடியில் அவரோடு பேசிவிட்டு வந்த மனைவி போகிறபோக்கில் சொன்னாள். "நல்ல வேளைங்க, வெறும் வெயிலாப் போச்சு. சுண்ணாம்பு பட்டிருந்தா உடனே எலுமிச்சம்பழத் தண்ணியில அலசணுமாம். அப்படியே சுருட்டி வெச்சா உள்ளுக்குள்ள தின்னுட்டே போவுமாம்லா."

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்று பொங்கல். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டேன். மறுநாள் மாட்டுப் பொங்கல். அதற்கு மறுநாள் கரிநாள். பிறகு கடையில் சரக்கு இறங்கியது. பிறகு எனக்குச் சளி. ஒவ்வொரு நாளும் தலைக்கு மேலே, ஒரு தகரப் பெட்டிக்குள், நீலத்தைச் சுண்ணாம்பு மென்றுகொண்டிருந்தது. சீலிங் விசிறியின் சத்தம்கூட எனக்கு மெல்லுகிற சத்தமாகக் கேட்டது. பன்னிரண்டாம் நாள், துணிக்குப் போடுகிற சொட்டு நீலக் குப்பியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தபோது மனைவி பிடித்துவிட்டாள்.

"அந்தக் குப்பிய வெச்சு மேல என்ன செய்யப் போறிய?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"நீயே சொல்லிரு ஏளா. உனக்குப் பக்குவமாச் சொல்ல வரும்."

"கோட்டிக்கார மனுசா. குப்பியக் கீழ வெச்சிட்டு மேல ஏறுங்க."

ஏறினேன். "ஒரு தமாஷ் நடந்து போச்சும்மா" என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாது. சொட்டு நீலக் குப்பி வரைக்கும் சொல்லி முடித்தேன்.

"அன்னைக்கு நான் கேட்டேனா இல்லியா?"

"கேட்டிய."

"சுண்ணாம்புன்னு பேரு சொல்லிக் கேட்டேனா?"

"கேட்டிய."

"என்ன சொன்னிய?"

நான் தகரப் பெட்டியின் மேலிருந்த தூசியைத் தட்டினேன்.

"சொல்லுங்க, என்ன சொன்னிய?"

"சுவத்துப் பக்கமே போகலன்னு சொன்னேன்."

"பொறவு?"

"சத்தியம் பண்ணினேன்."

"வாழப்பழம் தின்னியளா?"

"தின்னேன்."

அவர் எழுந்து பெட்டியைத் திறந்தார். துணியை விரித்தார். மஞ்சள் முழங்காலைத் தாண்டி, நடு மரம்வரைக்கும் ஏறியிருந்தது. அடிமரம் முழுக்கப் போய்விட்டது. ஓர் ஆளைத் தொட்டுக் காட்டுவது போலத் துணியில் கையை வைத்துக் காட்டினார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இம்புட்டுதான் போயிருக்கும். இப்ப இடுப்பு வரைக்கும் போயிட்டு." அவர் குரல் உடைந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். அடுத்ததிலேயே சரியாகிவிட்டது. "எலுமிச்சம்பழம் நாலு. ஆத்துத் தண்ணி. குழாயத் தொடக்கூடாது."

எலுமிச்சம்பழத்தை மனைவி பிழிந்தாள். துணியை அவர் தொட்டியில் மெல்ல மெல்ல அலசினார். என்னைத் துணியைத் தொட விடவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஆற்றுக்கும் மாடிக்குமாகக் குடம் சுமப்பது. அஞ்சாவது குடத்தில் படியில் கால் இடறியது.

"பைய வாங்க அண்ணாச்சி" என்று மேலிருந்து குரல் வந்தது. எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நெகிழ்ந்தது. "விழுந்து வெச்சிராதிய. தண்ணி கொட்டிரும்."

போன நீலம் வரவில்லை. இருந்தது நின்றது. மேல்பாதியில், தாங்க ஒன்றும் இல்லாமல் கிளைகள் மட்டும் வெள்ளையாக மிதந்தன. அன்றைக்குப் பிறகு என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு சின்ன லாரி வந்தது. சீவலப்பேரிப் பக்கம் வீடு பார்த்துவிட்டார் என்று மனைவி சொன்னாள். போகும்போது குண்டு பல்பைக் கழற்றி, துடைத்து, என் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கண்காட்சிக்கு என்னை அழைக்கவில்லை. மனைவியை அழைத்திருந்தார். அவளுக்குத் துணையாகப் போவது போல நானும் போனேன். கூடத்தில் வெளிச்சம் பரிதாபமாக இருந்தது. என் தொழில் புத்தி உடனே விளக்குகளை எண்ணத் தொடங்கியது. நடுச் சுவரில் அந்தத் துணி. மஞ்சளான பாதியை அவர் வெட்டவில்லை, மடிக்கவில்லை, மறைக்கவில்லை. முழுசாகத் தொங்கவிட்டிருந்தார். கல்லூரிப் பெண்கள் ஐந்தாறு பேர் முன்னால் கூட்டமாக நின்று, பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன அட்டையைப் படித்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற அட்டைகளில் எல்லாம் துணி, இலை, வெயில் பட்ட நேரம் என்று இரண்டு வரிதான். இதில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தேன்.

'பருத்தித் துணி. இரும்பு உப்பு. இப்போது இல்லாத ஒரு மருத மரத்தின் நிழல். சித்திரை வெயில், பதினேழு நிமிஷம். கீழ்ப்பாதி: சுண்ணாம்பு, ஒரு நாள். வீட்டுக்காரர் வாய் திறக்காதது, பன்னிரண்டு நாள்.'

மூலையில் ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

பெண்களில் ஒருத்தி என் பக்கம் திரும்பினாள். "சார், இது நெஜமா நடந்ததா இருக்குமா? யாரு சார் அந்த வீட்டுக்காரரு?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. இந்த மாதிரி நேரத்துக்கு என்னிடம் பத்துப் பதினைந்து பதில் எப்போதும் கைவசம் உண்டு. சிரித்திருப்பார்கள். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்திருக்கலாம். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்மா" என்றேன்.

மூலையிலிருந்து, நோட்டைவிட்டுத் தலை நிமிராமலே குரல் வந்தது.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல."